அக்கா, சைடு ஸ்டாண்டு!

போன வருஷம் வரைக்கும் என்னிடம் இருந்தது பதினொரு வருஷம் ஓடிய ஒரு ஸ்கூட்டி. அதன் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. காலால் தட்டி மடக்குவேன். அதுவும் மடங்கியது மாதிரி நடிக்கும். இரண்டு பள்ளம் தாண்டியதும் மறுபடியும் தொங்க ஆரம்பித்துவிடும். மெக்கானிக்கிடம் விட்டு மாற்ற நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. ஆனால் வண்டியை அரை நாள் அங்கே விடவேண்டும், அந்த அரை நாள்தான் எனக்கு வாய்க்கவே இல்லை. எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு நூறு ரூபாய் வேலை வருஷக்கணக்கில் காத்துக்கொண்டிருக்கும்தானே.

பழங்காநத்தத்திலிருந்து பைபாஸ் ரோடு வழியாகக் காளவாசல், அரசரடி, அப்புறம் சிம்மக்கல். மதுரையில் இதுதான் என் தினப்படிப் பாதை. சிம்மக்கல்லில் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஒரு நாள் போகிற வழியில் எத்தனை பேர் எனக்கு ஸ்டாண்டு சொல்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர். மூட்டை ஏற்றிப் போன குட்டியானை டிரைவர் ஒருவர், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் (ஒரே வண்டியில், ஒரே குரலில்), பூக்கூடையோடு சாலை ஓரம் நின்ற ஒரு அம்மா, எதிரே வந்த தபால்காரர், கணவரின் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர். ஆட்டோக்காரர் வாயால் சொல்லவில்லை. சீட்டிலிருந்து காலை நீட்டித் தானே என் ஸ்டாண்டைத் தட்டி மடக்கிவிட்டு, பச்சை விழுந்ததும் போய்விட்டார்.

யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. 'ஸ்டாண்டு!' அவ்வளவுதான். கொஞ்சம் நேரம் இருந்தால் 'அக்கா, சைடு ஸ்டாண்டு!' சிலர் விரலைக் கீழே காட்டி ஆட்டுவார்கள். சிலர் தன் காலையே உதைத்துக் காட்டுவார்கள். இன்னும் சிலர் திட்டுவார்கள். 'ஏம்மா, ஸ்டாண்டப் போட்டுக்கிட்டே போறியே, வீட்டுக்குப் போய்ச் சேர வேணாமா?' என்று ஒரு பெரியவர் கேட்டார். எங்கள் ஊரில் அக்கறை பாதி நேரம் திட்டாகத்தான் வரும். அதை அக்கறைக் கணக்கில் வைக்கத் தெரியாத ஆள் இங்கே ரொம்ப நாள் குப்பை கொட்ட முடியாது.

எனக்கு இதில் பிடித்தது, நன்றி சொல்ல வழியே கிடையாது என்பது. குனிந்து பார்த்து, மடக்கி, நிமிர்வதற்குள் சொன்னவர் நாலு வண்டி தள்ளிப் போயிருப்பார். அவர் முகம் நமக்குத் தெரியாது, நம் முகம் அவருக்குத் தெரியாது. நான் நல்லவளா கெட்டவளா, எந்தத் தெரு, எந்த ஆளுகள், யாருக்கு ஓட்டுப் போட்டேன், எதுவும் அவருக்கு வேண்டாம். ஒரு இரும்புக் கம்பி தரைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அது மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது.

மெக்கானிக் தம்பியிடம் ஒரு தடவை கேட்டேன், நேராகப் போகும்போது ஒன்றும் ஆவதில்லையே, பிறகு ஏன் இவ்வளவு பதற்றம் என்று. 'நேராப் போனா ஒண்ணும் ஆகாதுக்கா. ஸ்டாண்டு இடது பக்கம் இருக்கா? இடது பக்கமா வளையும்போது வண்டி அந்தப் பக்கம் சாயும். அப்ப நுனி ரோட்டுல இடிக்கும். வண்டிய அப்படியே தூக்கிரும்' என்று சொல்லி, ஸ்பேனரைத் தரையில் ஊன்றிச் சாய்த்துக் காட்டினார். அன்றைக்கே மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

இதேபோல இன்னொரு சைகை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பகலில் ஹெட்லைட் எரிந்தால் எதிரே வருகிறவர் கையை உயர்த்தி, விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டுவார். 'லைட் எரியுது, பேட்டரி போயிரும்' என்பதை ஒரு சத்தமில்லாமல் சொல்லிவிடுவார். 2017 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வரும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் தானாக எரிந்துகொண்டே இருக்கவேண்டும் என்று விதி வந்தது. அதை அணைக்க சுவிட்சே கிடையாது. விபத்தைக் குறைக்க வந்த நல்ல விதி, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எங்கள் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் காலையில் பேப்பரோடு உட்காரும் ஒரு பெரியப்பா, அந்த விதி வந்த புதிதில் பட்ட பாடு இருக்கிறதே! வருகிற வண்டிக்கெல்லாம் கையைக் குவித்து விரித்துக் காட்டிக்கொண்டே இருப்பார். 'இது புதுசுங்கய்யா, அணைக்க முடியாது' என்று நான் சொன்னதற்கு, 'அணைக்க முடியாட்டி என்ன, எரியுதுன்னு சொல்றது என் வேலை' என்றார். ஆறு மாசம் போல அந்த வேலையைப் பார்த்தார். பிறகு கை ஓய்ந்துவிட்டது.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சொல்லாமல் விட்ட கதை அது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம். எனக்கு முன்னால் ஒரு பழைய பைக். ஓட்டிக்கொண்டு போனவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஹேண்டில்பாரில் தூக்குவாளி தொங்கியது. கீழே ஸ்டாண்டும் தொங்கியது. நான் பார்த்தேன். முதல் சிக்னலில் அவர் பக்கத்தில் போக இடமில்லை. இரண்டாவது சிக்னலில் இடம் இருந்தது. ஆனால் வீட்டில் ஒரு சண்டையை முடிக்காமல் கிளம்பியிருந்தேன். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மனசுக்குள் வசனம் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் போகிறார்கள், யாராவது சொல்வார்கள் என்றும் நினைத்தேன். எனக்கு ஏழு பேர் சொன்னார்களே!

அடுத்த இடது வளைவில் அவர் சாய்ந்தார். 'டக்'கென்று ஒரு சத்தம். அப்புறம் வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், தூக்குவாளியின் சாம்பார் ஒரு பக்கம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நம் ஊரில் எப்போதும் நடப்பதுதான். அதை முதல் தடவையாக முழுசாக நின்று பார்த்தேன். ஒருவர் வண்டியை ஓரத்துக்குத் தள்ளிச் சாவியை எடுத்துக் காயம்பட்டவர் சட்டைப் பையிலேயே போட்டார். ஒருவர் எதிர்க் கடையிலிருந்து சோடா கொண்டுவந்தார். இன்னொரு ஆள் யாரும் கேட்காமலே நடுரோட்டில் நின்று வண்டிகளை ஒதுக்கிவிட்டார். ஒரு அம்மா தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, 'எங்கய்யா வலிக்குது, சொல்லுய்யா' என்றார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆட்டோக்காரர் ஒருவர் அவரை ஏற்றிக்கொண்டார், நானும் கூடப் போனேன். வாடகை வாங்கவில்லை.

'முன்னெல்லாம் நாங்க யோசிப்போம்க்கா' என்றார் அந்த ஆட்டோக்காரர். 'ஆஸ்பத்திரில சேத்தா நம்மளையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிருவாங்க. ஒரு நாள் பொழப்பு போயிரும். இப்ப பேரு ஊரு கூடச் சொல்ல வேணாம்கிறாங்க.' அவர் சொன்னது சரிதான். விபத்தில் உதவுகிறவரைக் காவல் நிலையத்துக்கு இழுக்கக் கூடாது, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்கு 2016-ல் உச்ச நீதிமன்றம் சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவாக அது உள்ளேயே வந்துவிட்டது. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர உயிர்காக்கும் சிகிச்சைக்கு, திட்டத்தில் இருக்கும் மருத்துவமனைகளில் அரசே செலவை ஏற்கும். மனசு இருந்தும் பயத்தால் கை பின்வாங்கிய காலம் ஒன்று இருந்தது. ஒரு ஆட்டோக்காரரின் கையைப் பிடித்திருந்த பயத்தை ஒரு சட்டப் பிரிவு கொஞ்சமாவது விடுவித்திருக்கிறது என்பதை அந்த ஆட்டோவில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

அவருக்கு மணிக்கட்டில் சின்ன எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. வேறு ஆபத்து இல்லை. அவருடைய மனைவி வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, 'நீங்க நல்லா இருப்பீங்க தாயி' என்றார். ஸ்டாண்டைப் பார்த்தும் சொல்லாமல் பின்னாலேயே வந்தவள் நான் என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். மறுநாள் காலையில் என் வண்டியின் ஸ்பிரிங்கை மாற்றினேன். எண்பது ரூபாய்.

அந்த நாளிலிருந்து ஒரு விஷயத்தில் என் கருத்து மாறிவிட்டது. இரக்கம் என்பது மனசு இளகுவது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு என் மனசில் ஈரம் இல்லாமல் இல்லை. கண் வேறு எங்கேயோ இருந்தது, அவ்வளவுதான். எனக்கு ஸ்டாண்டு சொன்ன ஏழு பேரும் என்னைவிடக் கருணை மிகுந்தவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

டவுன் பஸ்ஸிலும் இதுதான் நடக்கிறது. பள்ளி விடும் நேரத்தில் கூட்டத்தில் நிற்கிற பிள்ளை, ஒரு வார்த்தை பேசாமல் தன் புத்தகப் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைக்கும். அவரும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்வார். ஒரே மடியில் மூன்று பை, மேலே ஒரு டிபன் கேரியர், பக்கத்தில் யாரோ ஒருவரின் கைக்குழந்தை. இறங்கும்போது பை சரியாக உரியவரிடம் போய்ச் சேரும். பின் படிக்கட்டில் தொங்குகிறவர் கொடுத்த இருபது ரூபாய் ஏழெட்டுக் கை மாறிக் கண்டக்டரிடம் போகும். 'ஒரு தெப்பக்குளம்' என்ற வார்த்தையும் கூடவே கை மாறிப் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியாகத் திரும்பி வரும். நடுவில் ஒருவர் எடுத்துக்கொண்டார் என்று நான் இதுவரை கேள்விப்படவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் பெண்கள் பக்கத்தில் இந்தக் காசுப் பயணம் நின்றுவிட்டது. பைப் பயணம் நிற்கவில்லை.

அப்பத்தா ஊர் உசிலம்பட்டிப் பக்கம். சின்ன வயசில் அங்கே போகிற மண்பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்கவைத்திருப்பார்கள். ஆள் தோள் உயரம். நாங்கள் அதில் ஏறிக் குதித்து விளையாடுவோம். அது எதற்கு என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

தலையில் புல்லுக்கட்டோ விறகுக்கட்டோ சுமந்து தனியாக நடக்கிறவளுக்குக் களைப்பு வந்தால் இறக்கி வைத்துவிட முடியாது. இறக்குவது சுலபம். திரும்பத் தூக்கி வைக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆளில்லாத காட்டுப் பாதையில் அந்த இன்னொரு ஆள் எங்கே இருப்பார்? அதனால் கழுத்து நொந்தாலும் நடந்துகொண்டேதான் இருக்கவேண்டும். சுமைதாங்கி அந்த இன்னொரு ஆளின் வேலையைச் செய்கிறது. கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, கட்டை அப்படியே பின்னால் நகர்த்தினால் போதும். சும்மாட்டை உதறி முகம் துடைத்து, கிளம்பும்போது குனிந்து தலையைக் கொடுத்தால் கட்டு மறுபடியும் ஏறிக்கொள்ளும். இதை யோசித்தவர் ஒரு தடவையாவது சுமை தூக்கியிருக்க வேண்டும், அல்லது தூக்குகிறவளின் கழுத்தை உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகத்தான் பெரும்பாலும் இந்தக் கல்லை நடுவார்கள். இறக்கி வைக்காமலேயே போய்விட்டாளே, அவள் பெயரைச் சொல்லி மற்றவர்களாவது இறக்கிக்கொள்ளட்டும் என்று. அப்பத்தா அந்தக் கல்லைத் தாண்டும்போதெல்லாம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். யார் அந்தப் பெண் என்று கேட்டால் 'யாரு கண்டா' என்று சொல்லிவிடும்.

மனுஷருக்கு மட்டும் கல் நட்டார்கள் என்றில்லை. மாடு தன் முதுகைத் தானே சொறிந்துகொள்ள முடியாது. அதற்காக மேய்ச்சல் பாதையிலும் ஊருணிக் கரையிலும் ஒரு கல்லையோ மரத்தூணையோ நட்டு வைப்பார்கள். ஆவுரிஞ்சிக் கல் என்று பெயர். பழையவர்கள் அறம் முப்பத்திரண்டு என்று எண்ணிய வரிசையில் பசிக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், கண் நோய்க்கு மருந்து எல்லாவற்றோடும் இந்த ஆவுரிஞ்சுதறியும் சேர்ந்தே வருகிறது. மாட்டுக்குத் தீனி போடலாம் என்று யாருக்கும் தோன்றும். அதற்கு முதுகு அரிக்கும் என்று தோன்றியது பாருங்கள், அங்கேதான் எனக்கு மூச்சு ஒரு நிமிஷம் நிற்கும்.

சுமைதாங்கி இருந்த பாதை இப்போது தார் ரோடு. அகலப்படுத்தியபோது கல் என்ன ஆனதென்று தெரியவில்லை. பாலத்துக்கு அடியில் மூடியாகக் கிடக்கிறது என்று சித்தப்பா சொல்கிறார்.

இனி எங்கள் தெரு நாய்களுக்கு வருகிறேன். இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டீர்கள் என்று தெரியும்.

தெருமுனை டீக்கடையில் காலை ஆறு மணிக்கு ஒரு காட்சி. டீ குடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு பொறையைக் கூடவே வாங்கி, உடைத்து, காலடியில் நிற்கும் நாய்க்குப் போடுவார்கள். மாஸ்டர் அதற்கென்றே உடைந்த பொறைகளைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறார், பாதி விலை. கூலி வேலைக்குக் கிளம்பும் ஆள், தனக்கு டீ மட்டும் வாங்கி, நாய்க்குப் பொறை வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். இதுவரைக்கும் அழகாகத்தான் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த நாய்களில் ஒன்று, பால் வாங்கப் போன ஒரு அத்தையைக் கணுக்காலில் கடித்துவிட்டது. சாயங்காலம் தெருவே இரண்டு கட்சியாகிவிட்டது. 'சோறு போடுறவங்க வந்து ஊசிக்குக் கூட்டிட்டுப் போவாங்களா?' என்று ஒரு கட்சி. 'வாயில்லா ஜீவன்' என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சியில் இருந்தவள். ஆனால் அத்தையை ஊசிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். நான்காவது ஊசி வரைக்கும் கூடப் போனபிறகு என்னால் முதல் கட்சியைத் திட்ட முடியவில்லை. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. வெறிநாய்க் கடி நோய் முற்றிவிட்டால் காப்பாற்ற முடியாது. கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிஷம் கழுவவேண்டும், அன்றைக்கே ஊசியைத் தொடங்கவேண்டும். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். அத்தை முதலில் மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்கத்தான் போனார்.

கடைசியில் டீ மாஸ்டர் ஒரு வழி சொன்னார். 'பொறை போடுற காசுல மாசம் பத்து ரூவா போடுங்க. நாய்க்கும் ஊசி போடுவோம்.' கல்லாப் பக்கத்தில் ஒரு உண்டியல் வந்தது. தெருவில் இருந்த ஒன்பது நாய்க்கும் தடுப்பூசி போட்டோம். கருத்தடைக்கு மாநகராட்சி வண்டி வந்தபோது, தினமும் பொறை போடுகிறவர்களே கூப்பிட்டுப் பிடித்துக் கொடுத்தார்கள். அறுவை முடிந்து, காதில் அடையாளத்துக்குச் சின்ன வெட்டோடு திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பழைய இடத்திலேயே விடுவதற்குக் காரணம் இருக்கிறதாம். ஊசி போட்ட நாய் அந்த இடத்தைக் காக்கும், ஊசி போடாத புதுசு உள்ளே வராது. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றமும், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் தவிர மற்றதைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. சோறு போடுவதற்குத் தனி இடம் ஒதுக்கவும் சொன்னது. எங்கள் தெருவில் அந்த இடத்தை அதற்கு முன்பே ஒதுக்கிவிட்டோம். பால் பூத்துக்கு எதிர்த் திசையில், டிரான்ஸ்பார்மருக்குக் கீழே. அத்தை இப்போதும் நாயைக் கண்டால் கையில் குச்சி எடுத்துக்கொள்கிறார். உண்டியலில் பத்து ரூபாயும் போடுகிறார்.

சிவகங்கை மாவட்டத்துப் பொத்தக்குடியில் 2020-ல் நடந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். தெருவிளக்கு சுவிட்ச் இருக்கும் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டை வைத்துவிட்டது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். குஞ்சு பொரித்துப் பறக்கிற வரைக்கும், ஒரு மாதத்துக்கு மேல், தெருவிளக்கே போடாமல் இருந்துவிட்டார்கள். அதே மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகப் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வருஷா வருஷம் வனத்துறையினர் இனிப்பு கொண்டுபோய்க் கொடுப்பதும் செய்திதான். இந்தச் செய்திகளைப் படிக்கும்போது எல்லோரும் குருவியை நினைத்து நெகிழ்வார்கள். எனக்கு அந்த இருட்டில் செருப்பைத் தேடியவர்களின் ஞாபகம்தான் வரும். பூச்சி பொட்டு கிடக்குமே என்று டார்ச் அடித்துக்கொண்டே நடந்திருப்பார்கள். வேண்டாம் என்று ஒரே ஒரு வீடு முரண்டு பிடித்திருந்தாலும் நடந்திருக்காது. அந்த ஒரு வீட்டை எப்படிச் சம்மதிக்க வைத்தார்கள் என்று யாராவது எழுதினால் நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.

வெயில் காலத்தில் மொட்டை மாடியில் தண்ணீர் வைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். ஆழமான பாத்திரம் வேண்டாம், அகலமான மண்சட்டி போதும். உள்ளே இரண்டு கூழாங்கல் போடுங்கள், தேனீயும் குஞ்சுகளும் விழுந்தால் ஏறிக்கொள்ளும். தினமும் கொட்டிவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் குருவிக்கு வைத்த தண்ணீரில் டெங்குக் கொசு குடும்பம் நடத்தும்.

மார்கழியில் ஒரு காலை. பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுக்கப் போனார். எதிர் வீட்டு மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் வாயில் நுரையோடு கத்தினாள்: 'அண்ணே, எடுக்காதீங்க! உள்ள குட்டி கிடக்கு!' குளிருக்கு எஞ்சின் சூட்டில் பூனைக்குட்டி ஏறிப் படுத்துக்கொள்ளும். ராத்திரி அது ஏறுவதை அவள் பார்த்திருக்கிறாள். பானெட்டைத் தட்டினோம், ஹாரன் அடித்தோம், வரவில்லை. கடைசியில் கருவாட்டுத் துண்டு ஒன்றைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்து, எல்லோரும் பத்தடி தள்ளிப் போய் நின்றோம். தம்பி ஆபீசுக்கு ஐம்பது நிமிஷம் தாமதம். மேனேஜரிடம் என்ன காரணம் சொன்னார் என்று கேட்டேன். 'டயர் பஞ்சர்னு சொல்லிட்டேன்க்கா. பூனைன்னு சொன்னா நம்ப மாட்டாங்க' என்றார். அந்தக் காலை முதல் தினமும் சாவி போடுவதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுகிறார். தெருவில் மூன்று நான்கு பேருக்கு இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது.

போன வருஷக் கடைசியில் புது ஸ்கூட்டி வாங்கினேன். சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் எஞ்சினே கிளம்பாது. இப்போது வருகிற வண்டிகள் பலவற்றில் இப்படித்தான். நல்ல ஏற்பாடு, இது முன்பே இருந்திருந்தால் ஒருவர் மணிக்கட்டு தப்பியிருக்கும். ஆனால் பழைய வண்டியில் ஸ்பிரிங்கை மாற்றிய பிறகு, பழங்காநத்தத்திலிருந்து சிம்மக்கல் வரை யாரும் என்னைக் கூப்பிடாமல் போய் வருவது முதலில் சில வாரம் ஒரு மாதிரியாக இருந்தது. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: 'எக்கா! எக்கா! வெங்காயம்!' நிறுத்தித் திரும்பினால், காலடியில் வைத்திருந்த சாக்குப் பை ஓரத்தில் கிழிந்து, ரோட்டில் கோடு போட்ட மாதிரி சின்ன வெங்காயம் உருண்டு கிடக்கிறது. நான் வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் இரண்டு பேர் குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பையன் தன் தொப்பியைக் கழற்றி அதில் அள்ளினான். பஸ் ஒன்று பொறுமையாக நின்றது. 'பாத்து, சீக்கிரம்' என்று டிரைவர் மேலிருந்து மேற்பார்வை வேறு.

இந்தக் களேபரத்தில் எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வந்து, பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த என் முருங்கைக்கீரைக் கட்டை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் 'ஏய், ச்சூ, ச்சூ' என்று கையை ஓங்கினார்.

'விடுங்கண்ணே' என்றேன். 'பாதி தின்னுருச்சு. மீதியையும் தின்னுட்டுப் போகட்டும்.'